பொதியின் மேல் பெயர் எழுதுவது யார்?



கணினி படிக்கும் எங்கள் பிள்ளைகளிடம் பல்லுருவம், அதாவது பொலிமோர்பிசம், என்றால் என்னவென்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். மிருகம் ஒரு தாய் வகுப்பு, நாயும் பூனையும் அதன் பிள்ளை வகுப்புகள், "சத்தமிடு" என்று சொன்னால் ஒவ்வொன்றும் தன் சத்தத்தைப் போடும் என்பார்கள். பரீட்சைக்கு அது போதும். மென்பொருள் வேலைக்குப் போன பிறகு அந்த நாயையும் பூனையையும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பவேண்டிய நாள் வரும். அங்கே போய்ச் சேர்ந்தது நாயா பூனையா என்று சொல்வது யார் என்ற கேள்வி அன்றைக்கு எழும்.

சின்னக் கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்கு 40 வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. இதற்குச் சொல்லப்பட்ட ஒரு விடை உலகின் பெரிய நிறுவனங்களின் கதவுகளைத் திருடருக்குத் திறந்துவிட்டது. பாடப்புத்தகம் இந்தக் கதையைச் சொல்வதில்லை என்பதால், பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் விளங்கும்படி இங்கே எழுதிவைக்கிறோம்.

முதலில் பிரச்சினையைப் பார்ப்போம். ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் கொடுப்பனவு மூன்று விதமாக வருகிறது: காசு, காசோலை, அட்டை. தொகையும் திகதியும் மூன்றுக்கும் பொது. காசோலைக்கு மட்டும் வங்கியின் பெயர், காசோலை இலக்கம், அது மாறும் திகதி என்பன உண்டு. அட்டைக்கு மட்டும் அங்கீகார இலக்கம் உண்டு. செய்நிரலில் "கொடுப்பனவு" என்று ஒரு தாய் வகுப்பும் அதன் கீழ் மூன்று பிள்ளை வகுப்புகளும் எழுதுவோம். ஒரே பட்டியலில் மூன்று வகையும் கலந்து கிடக்கும். அதுதான் பல்லுருவம்.

ஒரே கணினியின் நினைவகத்துக்குள் இருக்கும்வரை ஒவ்வொரு பொருளுக்கும் தன் இனம் தெரியும். கம்பி வழியே அனுப்பவோ கோப்பில் எழுதவோ வேண்டுமென்றால் அதை வரிசையான பைட்டுகளாக மாற்றவேண்டும். இதைச் சீரியலைசேஷன் என்பார்கள். தமிழில் தொடராக்கம் எனலாம். நாங்கள் இங்கே பொதி கட்டுதல் என்றே சொல்கிறோம். பைட்டுகளுக்குத் தங்கள் இனம் தெரியாது.

இதில் இரண்டு விதமாகப் பிழை வரலாம். பொதி கட்டுபவர் "இது ஒரு கொடுப்பனவு" என்று மட்டும் எண்ணித் தொகையையும் திகதியையும் மாத்திரம் கட்டிவிட்டால், காசோலை மாறும் திகதி வழியிலேயே காணாமற்போகும். கணக்கு சரியாகத்தான் தெரியும். வங்கிக்குப் போகவேண்டிய நாள் மட்டும் எவருக்கும் தெரியாது. மாறாக, எல்லாவற்றையும் கட்டிவிட்டு என்ன வகை என்று மேலே எழுதாவிட்டால், பெறுபவருக்கு எந்த எண் எதைக் குறிக்கிறது என்று விளங்காது. ஆகவே பொதியின் மேல் வகையின் பெயரை எழுதத்தான் வேண்டும். அந்தப் பெயர் யாருடைய பட்டியலிலிருந்து வருகிறது, பெறுபவர் அதை எவ்வளவு தூரம் நம்புகிறார் என்பதில்தான் வரலாறு இரண்டு வழியாகப் பிரிகிறது.

வகுப்பு, பிள்ளை வகுப்பு என்ற எண்ணம் நோர்வேயில் பிறந்தது. ஒஸ்லோவிலுள்ள நோர்வே கணினி நிலையத்தில் ஒலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் உருவாக்கிய சிமியூலா 67 மொழியில் அது வந்தது. அன்றைய செய்நிரல்கள் ஒரே இயந்திரத்துக்குள் ஓடியதால் பொதி கட்டும் தேவை அவ்வளவாக எழவில்லை.

வலையமைப்புகள் பரவியபோது நிலைமை மாறியது. 1982இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மொரிஸ் ஹெர்லிஹி, பார்பரா லிஸ்கோவ் இருவரும் இதே பிரச்சினை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு இயந்திரமும் தனக்குள்ளே ஒரு பொருளை விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். வெளியே போகும்போது மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு வெளி உருவத்துக்கு மாறவேண்டும். கட்டுவதையும் அவிழ்ப்பதையும் அந்த வகையை எழுதியவரே எழுதித்தரவேண்டும். இதுவே அவர்களின் எண்ணத்தின் சாரம். அதே லிஸ்கோவுக்குத்தான் 2008ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது கிடைத்தது.

அந்தக் காலத்தில் வந்த நியமங்களும் இதே எச்சரிக்கையோடுதான் எழுதப்பட்டன. 1984இல் தொலைத்தொடர்புத் துறைக்காக வந்த ஏ.எஸ்.என்.1 என்ற முறையிலே "இவற்றுள் ஒன்று" என்று அறிவிக்க வழியிருந்தது. இன்று நாம் வங்கியின் இணையத்தளத்தைத் திறக்கும்போது பரிமாறப்படும் பாதுகாப்புச் சான்றிதழ்களும் அதே முறையில் கட்டப்பட்டவையே. 1987இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.டி.ஆர். முறையில் முதலில் ஓர் எண் வரும். அதைப் பார்த்துத்தான் மிச்சத்தைப் படிக்கவேண்டும். நம் கடைக் கணக்கில் 1 என்றால் காசு, 2 என்றால் காசோலை, 3 என்றால் அட்டை. இந்தப் பட்டியல் அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் முன்கூட்டியே இருக்கும். 4 என்று ஒரு பொதி வந்தால் திறக்காமல் நிறுத்திவிடலாம். இது முதலாவது வழி: பெறுபவரின் பட்டியலே தீர்ப்பு.

இரண்டாவது வழியில் போனதும் அதே சன் நிறுவனம்தான். 1997 பெப்ரவரியில் ஜாவாவின் 1.1 பதிப்பு வந்தபோது அதனுள்ளே தானியங்கித் தொடராக்கமும் இருந்தது. செய்நிரலாளர் தன் வகுப்பின் தலைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். பொதி கட்டும் வேலையை ஜாவாவே செய்துகொள்ளும். பொதியின் மேல் வகுப்பின் முழுப் பெயர், பதிப்பைச் சரிபார்க்கும் 64 பிட் எண், உள்ளே என்னென்ன புலங்கள் என்ற விபரம் எல்லாம் எழுதப்படும். பெறும் இயந்திரம் அந்தப் பெயரைப் படித்து, தன்னிடமுள்ள வகுப்புகளுக்குள் அதைத் தேடியெடுத்து, பொருளை மீண்டும் உருவாக்கும்.

பல்லுருவப் பிரச்சினை ஒரே நாளில் தீர்ந்ததுபோல இருந்தது. காசும் காசோலையும் அட்டையும் கலந்த பட்டியலை அப்படியே அனுப்பலாம். நாளைக்குப் புதிதாக ஒரு கொடுப்பனவு வகை வந்தாலும் பொதி கட்டும் முறையை மாற்றவேண்டியதில்லை. அந்த வகுப்பு மறுபக்கத்திலும் இருந்தால் போதும். அன்றைய செய்நிரலாளர்கள் இதை விரும்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்த வழியில், பெறும் இயந்திரம் எந்த வகுப்பை உயிர்ப்பிக்கவேண்டும் என்பதை அனுப்புபவர் எழுதிய பெயர் தீர்மானிக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருந்தது. அதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நிறுவனங்களின் கணினிகள் எக்ஸ்.எம்.எல். என்ற எழுத்து வடிவில் பேசத் தொடங்கின. 2001இல் வந்த எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா நியமத்தில், ஒரு பொருள் தாய் வகையின் எந்தப் பிள்ளை வகை என்பதைப் பொதியிலேயே குறிக்க இடம் கொடுத்தார்கள். ஆனால் அங்கே எழுதப்படும் பெயர் இரு தரப்பும் பகிர்ந்துகொண்ட ஓர் ஒப்பந்த ஆவணத்திலுள்ள பெயராக இருக்கவேண்டும். அந்தச் சேவை ஒப்பந்தத்தை எழுதும் டபிள்யூ.எஸ்.டி.எல். என்ற மொழியை வரைந்தவர்களில் ஒருவர் இலங்கையரான சஞ்சீவ வீரவரண. இத்தகைய செய்திகளைக் கையாளும் அப்பாச்சி அக்சிஸ்2 என்ற மென்பொருளின் புதிய கட்டமைப்பு 2004 ஓகஸ்டில் கொழும்பில் நடந்த கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. அதை எழுதியவர்களில் இலங்கை இளைஞர்கள் பலர். உலகத் தரமான மென்பொருள் வெளிநாட்டில்தான் பிறக்கும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அதே 2004இன் டிசெம்பரில் இன்னொரு திருப்பம் வந்தது. கூகுளின் ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் இருவரும் மெப்ரெடியூஸ் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். மலையளவு தரவைத் துண்டுதுண்டாக்கி ஆயிரக்கணக்கான சாதாரண இயந்திரங்களுக்குப் பகிர்ந்து, விடைகளை மீண்டும் ஒன்றுசேர்க்கும் முறை அது. இதைப் பின்பற்றி டக் கட்டிங், மைக் கஃபரெல்லா இருவரும் உருவாக்கிய ஹடூப் 2006இல் தனித் திட்டமாகியது. கட்டிங்கின் மகன் விளையாடிய யானைப் பொம்மையின் பெயர்தான் ஹடூப்.

இங்கே பொதியின் பெயர் இன்னொரு விதத்தில் சுமையானது. இயந்திரங்களுக்கிடையே போகும் பதிவுகள் பத்து நூறல்ல, கோடிக்கணக்கானவை. ஒரு வகுப்பின் முழுப் பெயர் 40 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். 100 கோடிப் பதிவுகளிலும் அதை எழுதினால், உள்ளே ஒரு ரூபாயின் விபரமும் சேராமல், பெயருக்கு மட்டும் 40 ஜிகாபைட் போய்விடும். பெயருக்குப் பதிலாக ஒரு பைட் எண்ணை எழுதினால் அது 1 ஜிகாபைட்.

எனவே ஹடூப் ஜாவாவின் தானியங்கி முறையை விட்டு "ரைட்டபிள்" என்ற தன் சொந்த முறையை வைத்துக்கொண்டது. அதன் கோப்பின் தலையில் வகுப்பின் பெயர் ஒரு தடவைதான் எழுதப்படும். அதன் கீழே வரும் பதிவுகள் யாவும் அந்த ஒரே வகையாக இருக்கவேண்டும். பல்லுருவத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் உண்மையான கணக்கு கலந்துதான் வரும். அதற்கு இரண்டு வழி வைத்தார்கள். "ஒப்ஜெக்ட் ரைட்டபிள்" ஒவ்வொரு பதிவிலும் வகுப்பின் பெயரை எழுதும். "ஜெனரிக் ரைட்டபிள்" உங்களிடம் முன்கூட்டியே ஒரு வகைப் பட்டியலைக் கேட்கும். பிறகு ஒவ்வொரு பதிவிலும் அந்தப் பட்டியலில் அது எத்தனையாவது என்ற ஒரு பைட்டை மட்டும் எழுதும். 1987இன் பழைய வழிதான், இம்முறை செலவைக் குறைப்பதற்காகத் திரும்பி வந்தது.

மற்றவர்களும் அதே பக்கம் வந்தார்கள். கூகுள் 2001 முதல் உள்ளே பயன்படுத்தி 2008இல் வெளியிட்ட புரோட்டோகோல் பஃபர்ஸிலும், பேஸ்புக் 2007இல் வெளியிட்ட திரிஃப்டிலும் தரவு வகைகளுக்குத் தாய்-பிள்ளை உறவே கிடையாது. "இவற்றுள் ஏதாவது ஒன்று" என்று எண் போட்டு எழுதவேண்டும். டக் கட்டிங் 2009இல் தொடங்கிய அவ்ரோவில், வகைகளின் பட்டியல் கோப்பின் தலையில் இருக்கும். ஒவ்வொரு மதிப்புக்கு முன்னும் அது பட்டியலில் எத்தனையாவது என்ற எண் வரும்.

2009இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மடேய் சஹாரியா தொடங்கிய ஸ்பார்க்கில் இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் காணலாம். எதுவும் சொல்லாவிட்டால் பொருட்களைக் கட்ட அது ஜாவாவின் தானியங்கி முறையைப் பயன்படுத்தும். விரும்பினால் க்ரயோ என்ற வேறொரு கருவிக்கு மாறலாம். க்ரயோவுக்கு உங்கள் வகுப்புகளை முன்கூட்டியே பதிவுசெய்து கொடுத்தால் சிறிய எண்ணைக்கொண்டு வேலையை முடிக்கும். பதிவுசெய்யாவிட்டாலும் ஸ்பார்க்கில் வேலை நடக்கும். ஆனால் ஒவ்வொரு பொருளோடும் முழுப் பெயரையும் சுமக்கும் என்று ஸ்பார்க்கின் வழிகாட்டியே சொல்கிறது.

அதுவரை இது வேகத்தையும் இடத்தையும் பற்றிய பேச்சாகவே இருந்தது. 2015இல் அது பாதுகாப்பைப் பற்றிய பேச்சாகியது.

அந்த வருடம் ஜனவரியில் கேப்ரியல் லாரன்ஸ், கிறிஸ் ஃப்ரோஹொஃப் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடந்த ஒரு பாதுகாப்பு மாநாட்டில் ஜாவா பொதிகளின் ஆபத்தைச் செய்து காட்டினார்கள். கடைக் கணக்கிலேயே அதைப் பார்ப்போம். பெறும் செய்நிரல் ஒரு கொடுப்பனவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. வந்த பொதியிலோ வேறொரு வகுப்பின் பெயர் இருக்கிறது. ஜாவா முதலில் அந்தப் பெயருக்குரிய வகுப்பைத் தேடுகிறது, பொருளை முழுதாக உருவாக்குகிறது, அதற்குப் பிறகுதான் "இது கொடுப்பனவா?" என்று பார்க்கிறது. இல்லையென்று தெரியவரும்போது காரியம் முடிந்திருக்கும். சில வகுப்புகள் உருவாகும்போதே வேறு வேலைகளைத் தொடக்கிவைக்கும். அப்படிப்பட்டவற்றைச் சங்கிலிபோலக் கோத்து அனுப்பினால், அந்தச் சேவையகத்தில் திருடன் விரும்பிய கட்டளையை ஓடவைக்கலாம். புதிதாக எந்தச் செய்நிரலையும் உள்ளே நுழைக்கத் தேவையில்லை. பெறுபவரின் வீட்டிலேயே இருக்கும் கருவிகளின் பெயர்களைப் பொதியின் மேல் சரியான ஒழுங்கில் எழுதினால் போதும்.

அந்தக் கருவிகளில் மிகப் பிரபலமானது அப்பாச்சி கொமன்ஸ் கலெக்ஷன்ஸ் என்ற சாதாரண நூலகம். எண்ணற்ற மென்பொருட்களுக்குள் அது இருந்தது. ஜனவரியில் பலர் இதைக் கவனிக்கவில்லை. நவம்பரில் ஃபொக்ஸ்குளோவ் செக்கியூரிட்டி என்ற நிறுவனம் வெப்லொஜிக், வெப்ஸ்பியர், ஜேபொஸ், ஜென்கின்ஸ் முதலிய பெயர்பெற்ற மென்பொருட்களை இதே வழியில் உடைக்கலாம் என்று காட்டியபோது உலகம் விழித்தது.

ஜாவாவின் சொந்தப் பொதியைக் கைவிட்டு எளிய எழுத்து வடிவான ஜேசனுக்கு மாறியவர்களும் தப்பவில்லை. ஜாவா உலகில் ஜேசனைக் கையாளும் பிரபலமான நூலகம் ஜெக்சன். பல்லுருவத்துக்கு வசதியாக, பொதியில் வகுப்பின் பெயரை எழுதி அனுப்பும் ஒரு தெரிவு அதிலே இருந்தது. 2017இல் அந்தத் தெரிவிலும் அதே வகைப் பலவீனம் பதிவாகியது. முதலில் ஆபத்தான வகுப்புகளின் பெயர்களைத் தடைப்பட்டியலில் போட்டார்கள். ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று கண்டுபிடிக்கப்பட்டது. பட்டியல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் 2019இல் வந்த 2.10 பதிப்பில் முறையைத் திருப்பினார்கள்: எவை கூடாது என்று எழுதுவதை விட்டு, எவை மட்டும் உள்ளே வரலாம் என்று எழுதும் வழியைக் கொடுத்தார்கள்.

மற்ற இடங்களிலும் இதுவே நடந்தது. 2017இல் வந்த ஜாவா 9, உள்ளே வரும் வகுப்புகளை வடிகட்டும் வசதியைக் கொண்டுவந்தது. ஜாவாவின் தலைமைக் கட்டமைப்பாளர் மார்க் ரெய்ன்ஹோல்ட் 2018இல், தானியங்கித் தொடராக்கம் 1997இல் செய்யப்பட்ட மோசமான தவறு என்று பகிரங்கமாகச் சொன்னார். க்ரயோவின் 5ஆம் பதிப்பில், பதிவுசெய்யாத வகுப்பை ஏற்காமல் விடுவதே இயல்பு நிலையாகியது. மைக்ரோசொஃப்ட் தன் பைனரி ஃபோர்மட்டரை 2024இல் வந்த டொட்நெட் 9இல் செயலற்றதாக்கியது. ஏறக்குறைய எல்லோரும் சுற்றி வந்து சேர்ந்த இடம், 1980களில் தொலைத்தொடர்பு எஞ்சினியர்கள் நின்ற அதே இடம்.

ஆனால் பட்டியல் முறையும் இலவசமாகக் கிடைப்பதில்லை. இதைச் சொல்லாவிட்டால் வரலாறு பாதியாகிவிடும். கடையில் நாளை கியூஆர் கொடுப்பனவு தொடங்கினால் 4 என்ற எண் பட்டியலில் சேரவேண்டும். அனுப்பும் கிளை முதலில் மாறி, பெறும் தலைமையகம் மாறாமல் இருந்தால், 4 என்று வரும் பொதிகள் தேங்கும். அதனால் பெறுபவரை முதலில் புதுப்பித்துவிட்டுத்தான் அனுப்புபவரை மாற்றவேண்டும். இன்னொரு ஆபத்து இதைவிடச் சத்தமில்லாதது. க்ரயோவில் எண்ணை நாமே குறித்துக் கொடுக்காவிட்டால், வகுப்புகளைப் பதிவுசெய்யும் ஒழுங்கிலேயே அவை எண் பெறும். ஒரு இயந்திரத்தில் காசோலைக்குப் பிறகு அட்டை, மறு இயந்திரத்தில் அட்டைக்குப் பிறகு காசோலை என்று பதிவானால், ஒரு பக்கத்தின் காசோலையை மறுபக்கம் அட்டையாகப் படிக்கப் பார்க்கும். ஆகவே ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றக்கூடாது. ஒரு வகை ஒழிந்துபோனாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக்கூடாது. புரோட்டோகோல் பஃபர்ஸில் நீக்கிய எண்களை "ஒதுக்கப்பட்டவை" என்று எழுதிவைக்கும் வழி இருப்பது இதற்காகத்தான்.

இதெல்லாம் நம் ஊருக்கு எதற்கு என்று கேட்கலாம். உயர்தரத்தில் பைதன் படிக்கும் பிள்ளைகள் பொருட்களைச் சேமிக்கத் தேடும்போது முதலில் கண்ணில் படுவது பிக்கிள் என்ற வசதி. அது ஜாவாவின் இரண்டாவது வழியைச் சேர்ந்தது. நம்பிக்கையற்ற இடத்திலிருந்து வந்த பிக்கிள் கோப்பைத் திறக்கவேண்டாம் என்று பைதனின் அதிகாரபூர்வ ஆவணமே எச்சரிக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பல அந்த வடிவிலேயே இணையத்தில் பகிரப்பட்டு வந்தன. அந்த ஆபத்தைத் தவிர்க்கவே எண்களை மட்டும் சுமக்கும் சேஃப்டென்சர்ஸ் போன்ற வடிவங்கள் உருவாகின. இலவசமாகக் கிடைக்கிறது என்று ஒரு மாதிரியை இறக்கித் திறக்கும் மாணவன், யாரோ எழுதிய பெயரை நம்பித் தன் கணினிக்குள் எதை உயிர்ப்பிக்கிறான் என்று தெரிந்துதான் செய்யவேண்டும். நம் கடைகள், சங்கங்கள், பாடசாலைகளின் கணக்குகளை எழுதித் தரப்போவதும் நாளை இதே பிள்ளைகள்தான்.

ஆகவே செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகளுக்கு மூன்று வேலைகளைச் சொல்லிக்கொடுப்போம். வெளியே போகும் வகைகளின் பட்டியலை, எண்ணோடு, செயற்றிட்டத்தின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். பட்டியலில் இல்லாத எண் வந்தால் பொதியைத் திறக்காமல் நிறுத்தி, வந்ததைப் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை அனுப்பிப் பார்த்து, காசோலை மாறும் திகதி மறுபக்கம் சரியாக வந்துசேர்ந்ததா என்று கண்ணால் பாருங்கள்.

மென்பொருள் துறையில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். உங்கள் வேலைத்தளத்தில் இந்தப் பட்டியலை எப்படிப் பேணுகிறீர்கள் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.